மறு: கப்ரிச்சோ ஓவியவகைக்குத் தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம். கப்ரிச்சோ என்பது நிஜமும் கற்பனையுமான கட்டடங்களையும் இடங்களையும் ஓவியர் தம் விருப்பப்படி இடம் மாற்றிச் சேர்த்து வரையும் ஓவியவகை. அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று இங்கே வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> "கற்பனை நிலக்காட்சி" போதுமே. எளிதாகப் புரிகிறது.

புரிகிறது, ஆனால் வேறு எதுவோ புரிகிறது. கற்பனை நிலக்காட்சி என்றால் எங்குமே இல்லாத மலையும் ஆறும்தான் மனதில் வரும். வெனிஸ் ஓவியர் கனலெட்டோ 1743 வாக்கில் வரைந்த ஒரு படத்தைப் பாருங்கள். வெனிஸின் சான் மார்க்கோ தேவாலய முகப்பில், உயரத்தில் நிற்கும் நான்கு குதிரைச் சிலைகளையும் கீழே இறக்கித் தரையில் பீடங்களின் மேல் நிறுத்திவிட்டார். தேவாலயம் நிஜம், குதிரைகளும் நிஜம். அவை நிற்கும் இடம்தான் பொய்.

அதைவிடத் துணிச்சலானது, கலை ஆர்வலரும் எழுத்தாளருமான அல்கரோட்டி கேட்டு அவர் 1750களில் வரைந்த படம். இடம் வெனிஸின் ரியால்ட்டோ. ஆனால் 1591இல் கட்டி முடித்த பாலத்தைக் காணோம்! அதே இடத்துக்கென்று கட்டடக்கலைஞர் பல்லாடியோ வரைந்து, கட்டப்படாமலே போன பாலம் அங்கே நிற்கிறது. இருபுறமும் தெரியும் பெரிய கட்டடங்களும் பல்லாடியோவுடையவைதான், ஆனால் அவை இருப்பது விச்சென்சா நகரில். வெனிஸில் வளர்ந்த ஒருவர் அந்தப் படத்தின் முன் நின்று எவ்வளவு குழம்பியிருப்பார்! "கற்பனை" என்று ஒரே சொல்லில் முடித்தால் அந்தக் குறும்பு போய்விடும்.

> மூலச்சொல்லுக்கு மனம்போன போக்கு என்றுதானே பொருள்? "மனப்போக்கு ஓவியம்" எனலாம்.

பொருள் அதுதான். ஆனால் இத்தாலிய இசைக்கலைஞர் பகனினியின் வயலின் உருப்படிகளுக்கும் அதே பெயர்தான். ஸ்பெயின் ஓவியர் கோயா 1799இல் வெளியிட்ட 80 அச்சுப்படங்களுக்கும் அதேதான். அவற்றில் மனிதர்களும் பேய்களும் வருகிறார்களே தவிர, நிலக்காட்சிக்கு அங்கே வேலை இல்லை. அதனால் அந்தப் பொருளை மட்டும் வைத்து இந்த ஓவியவகையைத் தனியாகச் சுட்ட முடியாது. இசைக்கு வேறு சொல் பார்த்துக்கொள்ளலாம்.

"திணைமயக்கம்" என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நிலத்தின் கருப்பொருள் இன்னொரு நிலத்தில் வந்து நிற்பது, விச்சென்சா மாளிகை வெனிஸுக்கு வந்த கதைதான். ஆனாலும் இலக்கணத்தில் நிலைத்துவிட்ட சொல்லை இங்கே இழுத்தால் இரண்டு பக்கமும் குழப்பம்.

என் பரிந்துரை: இடப்புனைவு. புனைதல் என்றால் இல்லாததைக் கட்டிச் சொல்வது மட்டுமில்லை, இருக்கும் பூக்களைக் கோத்து மாலை புனைவதும்தான். இரண்டும் இந்த ஓவியங்களில் நடக்கின்றன. "இடப்பக்கம் நினைவுக்கு வருகிறதே" என்று யாராவது கேட்பீர்கள். இடப்பெயர் என்றால் வருகிறதா என்ன?

இன்னொரு வசதியும் உண்டு. உள்ளது உள்ளபடி வரையும் வெதூட்டாவை இடக்காட்சி என்று சொல்லிவிடலாம். கனலெட்டோவே தம் செதுக்குப்படத் தொகுப்பின் தலைப்பில், சில இடங்களைப் பார்த்து எடுத்தவை, மற்றவை மனதில் உருவானவை என்று இரண்டாகப் பிரித்தார். அந்தப் பிரிவுக்கு இந்தச் சோடி சரியாகப் பொருந்தும்.

இடறுவது ஒன்றுதான். பிரெஞ்சு ஓவியர் உபேர் ரொபேர் 1796இல் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் பெரிய காட்சிக்கூடத்தைக் கூரை இடிந்த பாழாக வரைந்தார். அங்கே இடம் மாறவில்லை, காலம்தான் மாறியது. அதையும் இடப்புனைவு என்றே சொல்லலாம் என்பது என் பக்கம், ஏனென்றால் அந்த இடத்தின் பாழ்தான் அங்கே புனையப்பட்டது. "காட்சிப்புனைவு" என்று விரித்துக்கொள்ளலாம் என்பவர்கள் எழுதுங்கள், ஆனால் சினிமாக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டுவிடுவார்கள் என்று எனக்குப் பயம்.