புதுப்பிப்பு: அத்தை மகளுக்கான வெள்ளிச் சங்கிலி ஒருவழியாக முடிந்தது

கையால் செய்கிற சங்கிலியில் வளையங்கள் பற்றவைக்கும்போதே உருகி உருண்டையாகிவிடுகின்றன என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, தப்பு என்னுடையதுதான். பொடி (இணைப்பை ஒட்டவைக்க உருக்கும் வெள்ளிக் கலவை) வைத்த இடத்திலேயே தீயைக் காட்டிக்கொண்டிருந்தேன். 925 வெள்ளி (ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி உள்ள கலவை) 800 டிகிரி தாண்டியதுமே இளக ஆரம்பித்துவிடும், ஆனால் சூட்டைச் சட்டென்று பரப்பும், அதனால் வெங்காரம் (போராக்ஸ்) தடவி வளையம் முழுவதையும் சுற்றிச் சுற்றிச் சூடாக்கினால் பொடி தானாகவே இணைப்புக்குள் ஓடிவிடுகிறது. கறுத்ததைச் சிட்ரிக் அமிலம் கலந்த வெந்நீரில் போட்டு எடுத்தேன், அப்புறம் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பித்தளை பிரஷும். கொக்கி மட்டும் கொஞ்சம் கோணல். அவள் கவனிக்கவில்லை, அத்தை கவனித்துவிட்டாள்.