காலை எடுத்தால்தான் கியர் மாறுகிறது

குழு: தேவகோட்டை ஆயா வீடு

வெள்ளி

அம்மான், காலை 6:48
தம்பி, டிப்பர் நேற்றும் படுத்திவிட்டது. குவாரிப் பள்ளத்திலிருந்து ஜல்லி லோடோடு ஏறும்போது எஞ்சின் கத்துகிறது, கியர் மாறவே இல்லை. ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியின் கம்ப்யூட்டருக்குப் புது புரோகிராம் ஏற்றியதிலிருந்துதான் இப்படி.

நான், 6:55
டிரைவர் அண்ணனிடம் ஒன்று கேளுங்கள் அம்மான். கத்தும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தால் கியர் மாறுகிறதா?

அம்மான், 7:10
மாறுகிறதாம். காலை எடுத்தால் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகிறது, மறுபடி மிதித்தால் இரண்டுக்கே இறங்குகிறது. அப்புறம் ஒவ்வொரு கியருக்கும் ஒரு வெட்டு வெட்டுகிறது. கிளட்ச் பிளேட் போயிருக்கும், பெட்டியை இறக்கலாம் என்கிறார்கள்.

நான், 7:13
இப்போதைக்கு இறக்கவே வேண்டாம். எஞ்சின் தகட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். புரோகிராம் ஏற்றியவர்கள் கொடுத்த தாளும் வேண்டும்.

அம்மான், 7:41
[2 படங்கள்]

நான், 7:58
பார்த்தேன். தகட்டில் எஞ்சினின் உச்சச் சுற்று நிமிடத்துக்கு 2,200. தாளில் 2,500. வேறு எஞ்சினுக்கு எழுதிய புரோகிராமை நம் வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள்.

முழுதாக மிதிக்கும்போது எஞ்சின் உச்சச் சுற்றை நெருங்கினால்தான் பெட்டி அடுத்த கியரைப் போடும். நம் எஞ்சின் 2,200-க்கு மேல் போகாது, பெட்டியோ 2,500-ஐ மனதில் வைத்துக் காத்திருக்கிறது. வராத சுற்றுக்கு எத்தனை நேரம் காத்திருந்தாலும் கத்தல்தான் மிச்சம். பாதி மிதியில் குறைந்த வேகத்திலேயே மாறும்படி வைத்திருப்பார்கள். அதனால்தான் காலை எடுத்தால் மாறுகிறது.

அண்ணன், 8:05
வெட்டுவது?

நான், 8:12
அது வேறு. ஒவ்வொரு கிளட்சிலும் எண்ணெய் நிரம்பிய பிறகுதான் பிளேட் பிடிக்கும். பிளேட் தேயத் தேய அந்த அளவு மாறும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு மாற்றத்தையும் அளந்து அடுத்ததைத் திருத்திக்கொள்ளும். புது புரோகிராம் ஏற்றியபோது இதுவரை கற்றதை அழித்திருப்பார்கள், திரும்பவும் முதலிலிருந்து கற்க வேண்டும். எண்ணெய் சூடான பிறகு இளம் மிதியில் எல்லாக் கியரும் ஏறி இறங்கும்படி ஓட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால்தான் எண்ணெய் அளவையும் கிளட்சையும் பார்க்க வேண்டும்.

அண்ணன், 8:20
இழுவையைக் கூட்டித் தரச் சொன்னது நான்தான் தம்பி. பள்ளத்தில் திணறியது, அதனால் கேட்டேன்.

நான், 8:26
கேட்டதில் தப்பில்லை அண்ணே. ஆனால் பெட்டியில் அதைக் கூட்டக் கூடாது. கியர் மாறும் அந்த நொடியில் பெட்டி எஞ்சினிடம் கம்பி வழியே ‘விசையைக் குறை’ என்று சொல்லும். அந்தப் பேச்சை நிறுத்திவிட்டால் வண்டி சுறுசுறுப்பாகத் தெரியும், சுமை முழுவதும் பிளேட்டில் விழுந்து கருகிவிடும். லோடோடு மேட்டில் நிற்கும்போது பிடி விட்டால் பின்னால் வருகிற வண்டி என்ன ஆகும்? அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மான், 8:31
பழைய புரோகிராமையே ஏற்றிவிடலாமா?

நான், 8:37
அழிக்கும் முன் அதை எடுத்து வைத்தார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் வண்டிக் கம்பெனியின் சர்வீஸில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் சரியான புரோகிராம் கிடைக்கும். நான் ஞாயிறு கூடவே வருகிறேன். ஏற்றும் நேரம் 24 வோல்ட் சீராக நிற்க வேண்டும். நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று யார் கண்டது, அதற்குரிய சப்ளையைப் பேட்டரியில் மாட்டச் சொல்லி நின்று பார்க்கிறேன். பாதியில் அறுந்தால் கம்ப்யூட்டரே செத்துப்போகலாம்.

ஆயா, 9:02
அதுவரைக்கும் லோடு அனுப்ப வேண்டாம். டிரைவர் சம்பளத்தைப் பிடிக்காதே.

அம்மான், 9:04
சரி ஆத்தா. நிறுத்திவிட்டேன்.

ஞாயிறு

நான், மாலை 5:20
சரியான புரோகிராம் ஏற்றியாயிற்று. பள்ளத்திலிருந்து முழு மிதியிலேயே ஏறியது. இரண்டு, மூன்று தானாக விழுந்தது, காலை எடுக்கவே இல்லை. வெட்டு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நாளை வெறும் வண்டியாகத் திருமயம் வரை மெதுவாக ஓட்டி வரச் சொல்லியிருக்கிறேன். புதுத் தாளை ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிட்டேன் அம்மான்.