மறுமொழி: டயர் ‘பீட்’ – மணி வேண்டாம், கரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். டயர் ‘பீட்’ (bead) என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக, ஆங்கிலத்தில் bead என்றால் மணி என்பதால், ‘மணி’ என்ற சொல் நம் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. பாசிமணிக்கும் இதற்கும் ஒட்டுறவு கிடையாது. டயரின் உள்வாய் ஓரத்தில், ரப்பருக்குள் எஃகுக் கம்பி வளையம் வைத்துத் தடிப்பாக வார்த்த பகுதி அது. அந்தக் கம்பி நீண்டு கொடுக்காது. அதனால்தான் டயர் ரிம்மை விட்டுக் கழலாமல் நிற்கிறது. கேட்டதும் அந்த ஓரம் கண்ணில் தெரிகிற சொல் வேண்டும்.

‘விளிம்பு’ போதாதா என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். நானும் அதைத்தான் எழுதிவந்தேன். போன மாசியில் ராமநாதபுரம் கடலோரத்தில் வாலிநோக்கத்திலிருந்து மூக்கையூர்ப் பக்கம் மணல் தடத்தில் போனபோதுதான் அதன் குறை தெரிந்தது. மண்தடத்தில் ஓட்டுகிற அக்கா மகனின் டர்ட் பைக், பின்சக்கரத்தில் கருவ முள் ஏறிவிட்டது. டயரை நெம்பிக் கழற்றும் டயர் லீவர் மூன்று, வால்வு கழற்றும் சாவி, ஒட்டுத்துண்டு, சொல்யூஷன், உப்புத்தாள், கைப்பம்பு எல்லாம் பையில் இருந்தன. கைப்பழக்கம்தான் இல்லை. சாயல்குடியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணனைப் போனில் பிடித்தோம்.

“ஓரத்தை உள்ள அமுக்குங்க தம்பி” என்றார். எந்த ஓரம்? ரிம்முக்கும் ஓரம் உண்டு, டயருக்கும் உண்டு. விளிம்பு என்றாலும் இதே குழப்பம்தான். நாங்கள் லீவரைச் செருகி வலுவாக நெம்பினோம். டியூப் நசுங்கி, முள் குத்திய ஓட்டையோடு இன்னொன்றும் சேர்ந்தது. அப்புறம்தான் அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: “ரிம்மு இல்ல தம்பி, டயரோட கரை. எதிர்ப்பக்கம் கரையை நடுப்பள்ளத்துல மிதிச்சு இறக்குங்க, இந்தப் பக்கம் தானா தளரும்.” முழங்காலை வைத்து அமுக்கினேன். கரை ரிம்மின் நடுவிலுள்ள பள்ளத்தில் இறங்கியதும், அதுவரை மல்லுக்கு நின்ற லீவர் சுண்டுவிரல் பலத்தில் புரண்டது.

வேட்டிக்கரை, சேலைக்கரை என்று நாள்தோறும் சொல்கிறோம். துணியின் ஓரத்தில் அழுத்தமாக நெய்த பகுதி கரை. டயரிலும் அதேதான். கடற்கரையோடு குழம்பும் என்ற அச்சம் தேவையில்லை. கண்மாய்க் கரையும் வேட்டிக்கரையும் ஒரே ஊரில் சண்டையில்லாமல்தான் இருக்கின்றன. இன்னொரு நன்மையும் உண்டு. காற்றடிக்கும்போது டயர் ‘டப்’பென்று ரிம்மில் போய் உட்கார்வதைக் ‘கரையேறிவிட்டது’ என்று சொல்லிவிடலாம்.

கரை என்று வைத்துக்கொண்டால் மற்றவை தானே வருகின்றன. டயர் லீவருக்குக் ‘கரைநெம்பி’. நெம்புகோல் எல்லா லீவருக்கும் பொதுச்சொல். கரண்டிபோல் வளைந்த நுனியுள்ள இந்தக் கருவிக்குத் தனிச்சொல் வேண்டும். ரிம்முக்கு ‘வட்டை’. மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை என்று ஏற்கெனவே இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

‘ரிம் லாக்’குக்கு மட்டும் ‘கரைப்பூட்டு’ வேண்டாம். அதில் சாவியும் இல்லை, கொக்கியும் இல்லை. டயருக்குள் இருக்கும் கட்டையொன்று, வெளியே உள்ள நட்டை முறுக்க முறுக்க, கரையை வட்டையோடு சேர்த்து இறுக்கும். மணலில் பிடிப்பு வேண்டிக் காற்றைக் குறைத்து ஓட்டும்போது, டயர் மட்டும் தனியே சுழன்று வால்வை அறுத்துவிடும். அதைத் தடுப்பது இதுதான். எனவே ‘கரைப்பிடி’. ரிம்முக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் மரையைப் பார்த்து இரண்டாவது வால்வு என்றே நான் நினைத்திருந்தேன். அந்த நட்டைத் தளர்த்திக் கட்டையை உள்ளே தள்ளாமல் கரைநெம்பியைத் தொடவே கூடாது. டயர் கழற்றும் செய்முறைக் குறிப்பில் இது முதல் வரியாக வரட்டும்.

நடுப்பள்ளத்துக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. உங்கள் ஊரில் வண்டி செய்யும் ஆசாரிகள் இருந்தால், வட்டையின் நடுவே குழிவாக எடுப்பதை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கீழக்கரைப் பக்கம் நான் விசாரிக்கிறேன்.

அன்புடன்