அவசரம்: டிரெய்லர் பேட்டரியில் கட்டை லைட்டுகளை ஓட்டினால் லைட்டு போய்விடுகிறது

பாலாற்று மணல் (வியாழன், இரவு 10:40)
யாராவது சீக்கிரம் சொல்லுங்கள், சனிக்கிழமை விடியற்காலை குடும்பத்தோடு ஜவ்வாது மலை கிளம்புகிறோம். நானும் மச்சானும் சேர்ந்து கட்டிய கேம்பிங் டிரெய்லர். லைட்டு, கடிகாரம், அப்பாவின் ரேடியோ, கேஸ் லீக் அலாரம் என்று எல்லாமே டார்ச்சுக்குப் போடுகிற கட்டையில் ஓடுவது, மாதாமாதம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. அதான் எல்லாவற்றையும் டிரெய்லர் பேட்டரியிலேயே விட்டுவிடலாம் என்று வோல்ட்டேஜைக் குறைக்கிற ஒரு குட்டி கன்வர்ட்டர் போர்டு வாங்கி இன்று ஒயர் இழுத்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு லைட்டு அவுட். மற்றது சூடாகிறது. ரேடியோவில் கொய்ங் என்று சத்தம். கனெக்ஷன் எல்லாம் சரியாகத்தான் கொடுத்தேன். என்ன தப்பு?

காட்பாடி ஜங்ஷன் (10:52)
பேட்டரி எத்தனை வோல்ட்? போர்டு என்ன போர்டு? லைட்டுக்கு எத்தனை கட்டை? ஒன்றுமே சொல்லாமல் என்ன தப்பு என்றால் ஜோசியம்தான் பார்க்கணும்.

ஏலகிரி ரைடர் (10:58)
பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். எனக்கும் இப்படித்தான் ஆச்சு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

வெயிலூர்க்காரன் (11:05)
சோலார் பேனல் போட்டிருக்கிறீர்களா? சார்ஜ் ஏறும்போது 12 வோல்ட் பேட்டரி 14.4 வரை போகும், அதில்தான் அடிபட்டிருக்கும். போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு 7805 ஐசி போடுங்கள். மூணு கால், ஐந்து வோல்ட், முப்பது வருஷமாக எல்லா ரிப்பேர்க்காரனும் போடுவது.

ஓல்டு மெக்கானிக் (11:20)
வணக்கம். இது போன்ற கேள்விகளுக்கு இங்கே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. முதலில் சொல் சுத்தம் வேண்டும். ஒன்றரை வோல்ட் உள்ளது ‘செல்’. பல செல் சேர்ந்தால்தான் ‘பேட்டரி’. ‘கட்டை’ என்றால் விறகுக்கட்டை. மல்டிமீட்டர் படிக்கத் தெரியாதவர்கள் ஒயரைத் தொடக்கூடாது. வோல்ட்டேஜை அதிகம் வைத்திருப்பீர்கள், வேறொன்றுமில்லை.

குடியாத்தம் தறி (11:26)
எங்கள் ஊரில் கடையில் போய் செல் என்று கேட்டால் செல்போனா என்பார்கள். டார்ச்சுக்குப் போடுவது கட்டை, ரேடியோவுக்குப் போடுவது கட்டை. தாத்தா காலத்துப் பேச்சு அண்ணே.

பாலாற்று மணல் (11:31)
மன்னிக்கணும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 12 வோல்ட் டியூபுலர் பேட்டரி, பேனல் உண்டு. போர்டு எல்எம்2596. லைட்டு தட்டினால் எரியும் உருண்டை லைட்டு, மொத்தம் ஆறு, ஒவ்வொன்றுக்கும் மூணு சின்னக் கட்டை. அதனால் போர்டு ஸ்க்ரூவைத் திருகி 4.5 வைத்தேன், மீட்டரில் பார்த்துத்தான் வைத்தேன். பேனல் சார்ஜ் ஆகும்போதும் 4.5தான் காட்டுது. ரேடியோவும் மூணு கட்டை. கடிகாரத்துக்கு நாளைக்குக் கொடுக்கணும்.

காட்பாடி ஜங்ஷன் (11:34)
ஐயோ, கடிகாரத்துக்கு ஒரே கட்டை, ஒன்றரை வோல்ட். அதே லைனில் கொடுத்துவிடாதீர்கள்.

சால்டரிங் சாமி (11:48)
4.5 சரியாக வைத்தும் போகும், ஆச்சரியமே இல்லை. போன லைட்டில் ஒன்றைத் திறந்து, எல்இடிக்குப் போகும் வழியில் கரண்டை மட்டுப்படுத்துகிற ரெசிஸ்டர் குட்டியாக ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: எரியும் லைட்டு எந்தப் பக்கம் சூடாகிறது, எல்இடி பக்கமா, பின்மூடி பக்கமா?

வெயிலூர்க்காரன் (11:55)
7805 போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

சால்டரிங் சாமி (வெள்ளி, 12:04)
சார், ஆறு லைட்டும் ஆளுக்கு 100 மில்லி ஆம்ப் இழுத்தால் மொத்தம் 0.6 ஆம்ப். பேட்டரி 13.8-ல் இருக்கும்போது 7805 மீதி 8.8 வோல்ட்டைச் சூடாகத்தான் கழிக்கும். ஐந்து வாட்டுக்கு மேல். நம்ம ஊர் மே மாத வெயிலில், மூடிய தகர டிரெய்லருக்குள், சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட் சிங்க் தகடு இல்லாமல். முட்டையே பொரிக்கலாம்.

வெயிலூர்க்காரன் (12:10)
ஹீட் சிங்க் போட்டால் ஓடும். சைனா போர்டை நம்பி குழந்தைகளைப் பக்கத்தில் படுக்க வைப்பீர்களா?

பாலாற்று மணல் (காலை 6:15)
திறந்து பார்த்தேன். எல்இடி, சுவிட்ச், ஸ்பிரிங், அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. சூடு பின்மூடி பக்கம்தான். உள்ளே இருக்கும் கட்டை சுடுது.

காட்பாடி ஜங்ஷன் (6:21)
உள்ளே இருக்கும் கட்டையா?? எடுக்கவில்லையா??

பாலாற்று மணல் (6:24)
எடுக்கணுமா? டிரெய்லர் பேட்டரி இறங்கிப்போனால் உதவும் என்று விட்டிருக்கிறேன். போன இரண்டில் மட்டும் இல்லை, அதைக் கழற்றி ரிமோட்டுக்குப் போட்டோம்.

குடியாத்தம் தறி (6:30)
இதைத்தான் முதல் வரியில் சொல்லியிருக்கணும் நைனா :)

சால்டரிங் சாமி (6:52)
முதலில் எல்லாக் கட்டையையும் எடுங்கள், இப்பவே. பாதி தீர்ந்த கட்டைக்குள் கன்வர்ட்டர் கரண்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. சார்ஜ் ஏற்றக்கூடாத கட்டை அது, சூடாகி ஒழுகும், வெடிக்கவும் கூடும்.

அப்புறம் அந்த இரண்டு லைட்டு. இந்த மாதிரி மலிவு லைட்டில் ரெசிஸ்டர் போடாமல் விடுவதற்குக் காரணம், கட்டைக்கே உள்ளே கொஞ்சம் தடை உண்டு. கரண்ட் இழுக்க இழுக்க அதன் வோல்ட்டேஜ் தானாக இறங்கிவிடும், எல்இடி பிழைக்கும். உங்கள் போர்டு 3 ஆம்ப் வரை தரும், 4.5-ஐ விட்டு இறங்கவே இறங்காது. வெள்ளை எல்இடிக்கு மூணு வோல்ட் சொச்சம் போதும். மீதிக்கு அணை இல்லை, கரண்ட் ஏறி எரிந்துவிட்டது. மற்ற நாலும் பிழைத்தது, பழைய கட்டை கரண்டைக் குடித்து மெல்லிய ஒயரில் வோல்ட்டேஜை இழுத்துப் பிடித்ததால் இருக்கும், இது என் ஊகம். அதனால் கட்டையை எடுத்த பிறகு ரெசிஸ்டர் போடாமல் லைட்டைத் தட்டாதீர்கள்.

ஒவ்வொரு லைட்டுக்கும் தனித்தனியாக ஒரு 15 ஓம், அரை வாட் ரெசிஸ்டர், சீரிஸில், அதாவது லைட்டுக்குப் போகும் ஒயரின் நடுவில். பழுப்பு, பச்சை, கறுப்பு கோடு. டிவி ரிப்பேர் செய்கிறவர் யாரிடம் கேட்டாலும் கிடைக்கும். 4.5-லிருந்து 3.1 போனால் மிச்சம் 1.4, அதை 15-ஆல் வகுத்தால் 90 மில்லி ஆம்ப் சொச்சம். இரவில் கண்ணுக்கு அதுவே அதிகம். அந்த மலையில் இருக்கும் காவலூர் தொலைநோக்கி பக்கம் போய் டிரெய்லரைச் சுற்றி வெளிச்சம் போட்டு நட்சத்திரத்தைக் கெடுக்காதீர்கள்.

ரேடியோ சத்தமும் போர்டால்தான். 150 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகும், அதன் மடங்குகள் 600, 750, 900 எல்லாம் மீடியம் வேவில் வந்து உட்காரும். ரேடியோவைக் கட்டையிலேயே விடுங்கள்.

ஓல்டு மெக்கானிக் (7:40)
நான் நேற்றே சொல்ல வந்தது இதைத்தான். எல்இடிக்கு அது அதிக வோல்ட்டேஜ்தானே. போகட்டும், கடிகாரத்துக்கு இரண்டாவது போர்டு வாங்கும் யோசனை இருந்தால் விட்டுவிடவும். சும்மா இருக்கும்போதே இந்த போர்டு 5 மில்லி ஆம்ப் தின்னும். மாதத்துக்கு 3.6 ஆம்ப்-அவர். ஒரு செல்லில் மொத்தமே இரண்டு சொச்சம்தான் இருக்கும், அதில் கடிகாரம் ஒரு வருஷம் ஓடும். சேமிக்கப் போய்ச் செலவு செய்வானேன்?

காட்பாடி ஜங்ஷன் (7:48)
இது நல்ல கணக்கு. மெக்கானிக் ஐயா, ‘கட்டை’ என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள், எங்களுக்கும் சந்தோஷம்.

ஓல்டு மெக்கானிக் (7:55)
மாட்டேன்.

குடியாத்தம் தறி (8:02)
வடாற்காட்டுத் தமிழ் அது ஐயா.

ஏலகிரி ரைடர் (8:10)
சென்னையிலும் கட்டைதான். வடாற்காடு மட்டும் குத்தகைக்கு எடுத்த மாதிரி பேசவேண்டாம். நான் பிளஸ் மைனஸ் என்று சொன்னதை யாருமே சோதிக்கவில்லை.

சால்டரிங் சாமி (8:33)
மாறியிருந்தால் எரிந்தே இருக்காது தலைவா, ஒரு மணி நேரம் எரிந்துதானே போனது.

பாலாற்று மணலுக்கு இன்னும் இரண்டு: கேஸ் அலாரத்தைத் தொடாதீர்கள். உங்கள் ஒயர் எங்கேயாவது விட்டுப்போனால் லைட்டு அணைவது தெரியும், அலாரம் செத்தது தெரியாது. மூடிய டிரெய்லருக்குள் சிலிண்டர் வைத்துத் தூங்குகிறீர்கள், அதற்குப் புதுக் கட்டை போடுங்கள். இரண்டாவது, பேட்டரி பிளஸ் பக்கத்திலேயே 2 ஆம்ப் ஃபியூஸ் போட்டிருக்கிறீர்களா? டியூபுலர் பேட்டரி ஷார்ட் ஆனால் இந்த மெல்லிய ஒயர் அடுப்புக் கம்பி மாதிரி சிவந்துவிடும்.

வெயிலூர்க்காரன் (8:50)
மைனஸை டிரெய்லர் பாடியில் கொடுத்தால் ஒயர் மிச்சம்.

காட்பாடி ஜங்ஷன் (8:57)
வீட்டில் கட்டிய டிரெய்லர், பெயின்ட்டும் துருவும், கனெக்ஷன் சரியாகப் பிடிக்காது. தனி ஒயரே இழுக்கட்டும்.

வெயிலூர்க்காரன் (9:04)
லாரி எல்லாம் அப்படித்தானே ஓடுது?

பாலாற்று மணல் (ஞாயிறு, இரவு 9:17)
போய் வந்துவிட்டோம். கட்டையை எடுத்துவிட்டு நாலு லைட்டுக்கு 15 ஓம் போட்டேன், ராத்திரி நன்றாக எரிந்தது, சூடே இல்லை. கடிகாரம், அலாரம், ரேடியோ மூணும் கட்டையிலேயே. மலை மேல் அப்பா ரேடியோவைத் திறக்கவே இல்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். எல்லோருக்கும் நன்றி.

சால்டரிங் சாமி (9:30)
நல்லது. ஃபியூஸ் போட்டீர்களா?

சால்டரிங் சாமி (செவ்வாய், இரவு 8:12)
ஃபியூஸ்?