முதலாம் ஆண்டு, இரண்டாவது வாரம், கேட்டில் அழுகை

பிறை அம்மா:
வணக்கம். மகன் இந்த வருடம்தான் ஆரம்பப் பள்ளியில் முதலாம் ஆண்டு. ஜனவரி 12 பள்ளி திறந்தபோது அழவே இல்லை. புதுச் சப்பாத்து, புதுப் பை, மாமா வாங்கிக் கொடுத்த நீலத் தண்ணீர் போத்தல் என்று துள்ளிக்கொண்டு போனான், அதே வாரம் பொங்கலும் வந்ததில் வீடே கலகலப்பாக இருந்தது. இந்த வாரம் திங்கட்கிழமை கேட்டைப் பார்த்ததும் என் கையைப் பிடித்தவன் விடவில்லை. இன்று வெள்ளி, ஐந்து நாளாக இதே கதை. வயிறு வலிக்கிறது என்கிறான், கிளினிக்கில் காட்டினால் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

டிசம்பரில்தான் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியிலிருந்து இங்கே பினாங்கு மாநிலத்துப் பிறைக்கு வந்தோம். வீட்டுக்காரருக்கு இன்னும் கெடாவில்தான் அரசாங்க வேலை, அங்கே லீவு வெள்ளி சனி, இங்கே இவனுக்கு சனி ஞாயிறு. "அப்பா வீட்டில் இருக்கார், நான் மட்டும் ஏன் போகணும்" என்று இன்று காலையில் வேறு ஒரு பாட்டு. எனக்கு பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை, இவனை விட்டுவிட்டு பாலம் தாண்ட வேண்டும். மற்ற அம்மாக்கள் ஓய்வு நேரத்தில் வேலி ஓரம் நின்று ஊட்டிவிடுகிறார்கள், என்னால் முடியவில்லை. ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார் என்கிறார் மாமியார். வைக்கலாமா?

ஓய்வுபெற்ற டீச்சர்:
வைக்காதீர்கள் அம்மா. ஒரு வாரம் கழித்து இன்றைக்கு அழுவதைவிட இரண்டு மடங்கு அழுவான், அதற்குள் மற்ற பிள்ளைகள் கூட்டாளி பிடித்துவிடுவார்கள். முதல் வாரம் சிரித்துவிட்டு இரண்டாவது வாரம் அழும் பிள்ளைகளை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் அது திருவிழா மாதிரி, அப்புறம்தான் இது தினமும் உண்டு என்று புரிகிறது. வேலி ஓரம் நிற்க முடியவில்லையே என்று வருத்தப்படவும் வேண்டாம். அடங்கிய அழுகை அம்மா முகத்தைப் பார்த்ததும் மறுபடி தொடங்குவதுதான் அங்கே நடக்கும். கேட்டில் ஒரு முத்தம், "மத்தியானம் வருகிறேன்", உடனே திரும்பி நடந்துவிடுங்கள்.

பாடம் கஷ்டமாக இருக்குமோ என்று நினைக்காதீர்கள், முதலாம் ஆண்டில் ஆரம்ப வாரங்கள் பெரும்பாலும் பாட்டும் விளையாட்டுமாகத்தான் போகும். எனக்கு உறுத்துவது அந்த வயிற்று வலிதான். எத்தனை மணிக்கு வலிக்கிறது என்று கேட்டீர்களா?

வேன் அண்ணன், பட்டர்வொர்த்:
தங்கச்சி, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். மத்தியானம் வரும்போது தண்ணீர் போத்தல் காலியாக வருகிறதா, நிறைந்து வருகிறதா? என் வேனில் ஒரு பொடியன் தினமும் கால்களை இறுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து வருவான், வீட்டு வாசலில் பையை வீசிவிட்டு ஓடுவான். விசாரித்தால் பள்ளியில் இருப்பது குந்தி உட்காருகிற கழிவறை, வீட்டில் நாற்காலி மாதிரி. அந்தப் பயத்தில் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. பெரியவர்கள் நாம் ஏபிசி தெரியுமா, ஆனா ஆவன்னா தெரியுமா என்று பார்க்கிறோம், இதை யார் கேட்கிறோம்.

செந்தூல் அம்மா:
அண்ணன் சொல்வது நூறு சதவீதம் சரி. என் மகளுக்கு அதோடு இன்னொன்றும் இருந்தது. பாலர் பள்ளியில் எல்லாம் ஆங்கிலம், இங்கே தமிழில் எப்படி அனுமதி கேட்பது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். "டீச்சர், நான் கழிவறைக்குப் போகலாமா?" இந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் பத்து தடவை சொல்ல வைத்தோம்.

கண்டீனும் அப்படித்தான். கொடுத்துவிட்ட 2 வெள்ளி (ரிங்கிட்) அப்படியே திரும்பி வந்தது, கூட்டத்தில் முண்டியடிக்கத் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையைக் கடையாக்கி நான் மீஹூன் விற்றேன், அவள் வாங்கினாள், மீதிக் காசு கேட்கும் வரை நான் கொடுக்கவில்லை. சத்தமாகக் கேட்கப் பழகவே மூன்று நாள் ஆனது, பாட்டி வேறு நடுவில் புகுந்து இலவசமாகப் போட்டுக் கெடுத்தார்.

பழைய மாணவன்:
எங்கள் காலத்தில் வெள்ளைச் சப்பாத்து, ஞாயிற்றுக்கிழமை மாலை அதைத் தேய்த்து வெள்ளை பூசியே அழுகை வந்துவிடும். இப்போது கறுப்பு, 2023லிருந்து சம்பளம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைக்கும் அரசாங்கம் 150 வெள்ளி வேறு தருகிறது. பொடியனுக்கு என்ன குறை என்று எழுத வந்தேன், வேன் அண்ணன் எழுதியதைப் படித்ததும் எனக்கும் அந்தக் கழிவறை ஞாபகம் வந்துவிட்டது. வாபஸ்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
உங்கள் வீட்டுக்காரருக்கு வெள்ளி லீவு, அன்றைக்குப் பள்ளி உண்டு. அடுத்த வெள்ளி அவரையே மகனைக் கூட்டிக்கொண்டு போய் வகுப்பாசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். புகாராக வேண்டாம், உதவியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

பிறை அம்மா:
ஒரு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அன்றைக்கே பையைத் திறந்து பார்த்தேன் அண்ணே, போத்தல் காலையில் நான் நிரப்பிய மாதிரியே கனத்தது. கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். குந்தத் தெரியவில்லை, தரை எப்போதும் ஈரம், தாழ்ப்பாள் வேறு சரியில்லை, முதல் வாரக் கடைசியில் யாரோ ஒரு பெரிய பையன் கதவைத் திறந்துவிட்டானாம். நான் பாட்டுக்கு வயிற்று வலி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சனி ஞாயிறு இரண்டு நாளும் சப்பாத்தோடு, கால்சட்டையை மடித்துவிட்டு, வீட்டுக் குளியலறைத் தரையில் குந்திப் பழகினான், அவனைவிட அவன் அப்பாவுக்குத்தான் முட்டி வலி. இன்று அவர் போய்ப் பேசினார். தாழ்ப்பாளை மாற்றச் சொல்கிறேன் என்றாராம் டீச்சர், பக்கத்தில் உட்காரும் பையனோடு சேர்ந்து போய் ஒருவருக்கு ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்திருக்கிறார். காலையில் கேட்டில் கொஞ்சம் அழுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். மத்தியானம் போத்தலில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. ஞாயிறு தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு நடக்கப் போகிறோம், அதே போத்தலைத்தான் எடுத்து வருவானாம்.