கனடாவுக்குப் புதிதாக வந்த ஓவியர்கள் கிராண்ட் தேடுவது எப்படி?

வந்து ஆறு மாதமாகியும், சுருட்டிக் கொண்டுவந்த ஓவியங்கள் கட்டிலுக்குக் கீழேதான் கிடக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள், தங்கச்சி. முதலில் அவற்றை வெளியே எடுங்கள். சுவரில் பொருத்தி, பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் நேராகப் படம் பிடியுங்கள். கிராண்ட், அதாவது கலை வேலைக்குக் கொடுக்கும் உதவிப்பணம், யாருக்கு என்று முடிவு செய்யும் தேர்வுக் குழுவில் இருப்பவர்களும் கலைஞர்கள்தான். அவர்கள் கண் முதலில் போவது படத்துக்கே.

எல்லாரும் கனடா கலை மன்றத்தைத்தான் முதலில் கேட்பார்கள். நாடு முழுவதும் கலைஞர்களுக்குக் கிராண்ட் கொடுக்கும், 1957இல் தொடங்கிய பெரிய நிறுவனம் அது. ஆனால் தனியாள் விண்ணப்பிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேண்டும். தொழில்முறைக் கலைஞர் என்றும் ஏற்கப்பட வேண்டும். அதற்குப் பட்டப்படிப்புக் கட்டாயமில்லை, குருவிடம் கற்றதும் பயிற்சிதான். ஊரில் வைத்த கண்காட்சிகளையும் விடாமல் எழுதுங்கள். அவர்களுடைய இணையதளத்தில் விண்ணப்பக் கணக்கை இப்போதே திறந்துவிடுங்கள். கடைசி வாரத்தில் திறந்தால் அது சரிபார்க்கப்படுமுன் தேதி போய்விடும்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது ரொறன்ரோ கலை மன்றம். புதிதாக வந்த கலைஞரையும் இங்கே நிலைத்த கலைஞரையும் இணைக்கும் வழிகாட்டல் கிராண்ட் அவர்களிடம் உண்டு. வழிகாட்டி யாரையும் தெரியாது என்றால், 1993இல் தொடங்கிய தெற்காசியக் காண்கலை மையமான சாவாக்கின் நிகழ்ச்சிகளுக்குப் போய்க் கதையுங்கள். ஸ்கார்பரோவில் இருந்தால் அங்குள்ள கலை அமைப்பான ஸ்கார்பரோ ஆர்ட்ஸும் பக்கத்தில்தான்.

வதிவிட அனுமதி இன்னும் வரவில்லையா? மொன்றியலின் எலிசபெத் கிரீன்ஷீல்ட்ஸ் அறக்கட்டளை எந்த நாட்டவருக்கும் கொடுக்கும். ஆனால் ஆளோ மரமோ, இன்னது என்று தெரியும்படி உருவங்களை வரைபவராகவும் தொழிலின் தொடக்கத்தில் இருப்பவராகவும் இருக்க வேண்டும்.

அப்புறம், விண்ணப்பத்தில் உங்கள் வேலையைப் பற்றி எழுதுவது. எனது முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. ‘இடப்பெயர்வின் வலியை ஆராய்கிறேன்’ என்று எழுதியிருந்தேன். அதில் பார்க்க ஒன்றுமேயில்லை. அடுத்த முறை இப்படி எழுதினேன்: ‘அம்மாவின் பழைய நூல் சேலையை ஒரு சாண் அகலத்தில் கிழித்து, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, எங்கள் வளவின் வேலிக்கோட்டைக் கறுப்பு நூலால் தைக்கிறேன். பன்னிரண்டு துண்டு, எட்டு மாதம்.’ கிடைத்தது. உங்கள் கை என்ன செய்கிறது என்பதை எழுதுங்கள்.

செலவுக் கணக்கில் உங்கள் கூலியையும் போடுங்கள். நம்மவர்கள் வெட்கத்தில் அதை விட்டுவிடுகிறார்கள், அது சரியில்லை. 1968இல் கலைஞர்களே தொடங்கிய கார்ஃபாக் என்ற சங்கம், கண்காட்சிக்கும் மற்ற வேலைகளுக்கும் குறைந்தபட்சக் கட்டணப் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதைப் பார்த்துப் போடுங்கள்.

அல்பேர்ட்டாவில் உள்ள பான்ஃப் கலை மையம் போன்ற இடங்களில் தங்கி வேலை செய்ய விரும்பினால், தங்குமிடமும் சாப்பாடும் யார் செலவு என்று முதலிலேயே பாருங்கள். சில இடங்களில் நாமே கட்ட வேண்டும். அதற்கான உதவித்தொகையைச் சேர்த்தே கேளுங்கள்.

காசு கிடைத்தால் பற்றுச்சீட்டுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள், வரிக் கணக்குக்குத் தேவைப்படும். சரி, இந்த வார இறுதிக்குள் பத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். விபரத்தைச் சேர்ந்திருந்து எழுதுவோம்.