செல்லோக்கள் மட்டுமே உள்ள குழு ஒரு பாடகருக்கு எப்படித் துணை நிற்கிறது?

சுருதிப்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லண்ட் நகரில் 2006-ஆம் ஆண்டு உருவான போர்ட்லண்ட் செல்லோ ப்ராஜெக்ட் குழுவின் பதிவுகளை அண்மைக்காலமாக விரும்பிக் கேட்டு வருகிறேன். செல்லோ என்பது வயலின் குடும்பத்தைச் சேர்ந்த, தாழ்ந்த குரலுடைய பெரிய நான்கு தந்திக் கருவி. செவ்வியல் பயிற்சி பெற்ற செல்லோ கலைஞர்கள் ஒன்றுகூடி, தனிப்பாடகர்களோடும் ராக் குழுக்களோடும் மேடையேறுகிறார்கள். ஹிப்-ஹாப் பாடல்களையும் விட்டுவைப்பதில்லை. செல்லோவை வழக்கமாகக் காண முடியாத இடங்களுக்குக் கொண்டுபோவதும், அதில் யாரும் எதிர்பாராத இசையை வாசிப்பதும்தான் தங்கள் நோக்கம் என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள்.

எனக்குள்ள ஐயம் இதுதான். ஒரு பாடகருக்குப் பின்னால் பொதுவாக டிரம்ஸ் தாளத்தைக் கொடுக்கும், பேஸ் கிட்டார் அடித்தளத்தைத் தாங்கும், கிட்டாரோ கீபோர்டோ கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டுகளை) நிரப்பும். ஒரே வகைக் கருவி ஆறோ எட்டோ சேர்ந்து இவை அனைத்தையும் செய்யும்போது, ஒலி குழம்பி ஒரே இரைச்சலாகிவிடாதா? பாடகரின் குரல் அதற்குள் அமுங்கிவிடாதா? இதோடு இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன்: புகழ்பெற்ற பாடல்களைச் செல்லோவில் வாசிப்பது முதல் முறை கேட்கும்போது எழும் வியப்போடு முடிந்துவிடும் ஒன்றா, அல்லது திரும்பத் திரும்பக் கேட்கத் தக்க ஏதோ ஒன்று அதில் இருக்கிறதா?

நாலுதந்தி எழுதியது:

நல்ல கேள்வி. நான் செல்லோ வாசிப்பவன் என்பதால் முதல் பகுதிக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் சொல்கிறேன்.

செல்லோவின் மிகத் தாழ்ந்த தந்தியை விரல் வைக்காமல் வாசித்தால் ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிக்கும். மேல் தந்தி 220 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். ஆனால் இடக்கைக் கட்டைவிரலைக் கழுத்தின் பின்புறத்திலிருந்து எடுத்துத் தந்தியின் மேல் குறுக்காக வைத்து வாசிக்கும் முறையில், அதே மேல் தந்தியிலேயே இரண்டு ஸ்தாயிக்கு மேல் ஏற முடியும். அதாவது, ஆண்குரலின் அடிமட்டத்திலிருந்து பெண்குரலின் உச்சம் வரை உள்ள பரப்பு முழுவதும் இந்த ஒரு கருவிக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே எட்டுச் செல்லோக்கள் என்பவை ஒரே வேலையைச் செய்யும் எட்டுக் கருவிகள் அல்ல. ஒருவர் கீழ்த்தந்தியில் பேஸ் வரிசையைத் தாங்குகிறார், இருவர் நடுவில் கார்டுகளைப் பிரித்துக்கொள்கிறார்கள், மற்றொருவர் மேல் தந்தியில் வயலினின் இடத்தை எடுத்துக்கொள்கிறார்.

குழப்பம் எப்போது வரும் என்றால், எல்லோரும் கீழ் ஸ்தாயியில் நெருங்கி நிற்கும்போதுதான். தாழ்ந்த சுரங்கள் இரண்டு மிக அருகருகே ஒலித்தால் அவற்றின் மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் மெல்லிய உயர் ஒலிகள்) ஒன்றோடொன்று மோதிக் கரகரப்பை உண்டாக்கும். அதனால் கைதேர்ந்தவர் இசையமைத்துப் பிரித்துக் கொடுக்கும்போது, கீழே ச–ப போன்ற அகன்ற இடைவெளிகளையும், காந்தாரம் போன்ற நெருங்கிய சுரங்களை மேலேயும் வைப்பார். இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

தாளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வில்லின் பிடிப்பக்கத்தைத் தந்தியின் மேல் செங்குத்தாகப் போட்டு, அதே வேகத்தில் பிடுங்கி எடுத்தால், சுரம் எதுவும் இல்லாத, ஸ்னேர் டிரம்மை ஒத்த ஒரு வறண்ட வெட்டொலி கிடைக்கும். இதற்குச் சாப் என்று பெயர். 1960-களில், ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைவகையின் வயலின் கலைஞர் ரிச்சர்ட் கிரீன் கையாளத் தொடங்கிய இந்த முறை, பின்னர் செல்லோவுக்கும் வந்து சேர்ந்தது. நல்ல கலைஞர் ஒருவர் இந்த வெட்டொலிக்கும் கார்டுக்கும் மாறி மாறிப் போகும்போது, தாளக்கருவி இல்லை என்பதே நினைவுக்கு வராது. இதோடு கட்டையைக் கையால் தட்டுவதையும், தந்தியை விரலால் மீட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குரல் அமுங்குவதைப் பற்றி ஒரு பழைய சான்று உண்டு. பிரேசில் நாட்டு இசையமைப்பாளர் வில்லா-லோபோஸ், ஒரு சொப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) பாடகிக்கும் எட்டுச் செல்லோக்களுக்குமாக ஒரு படைப்பை எழுதினார். அதன் முதல் பகுதி 1938-இல் உருவானது. அதில் பாடகி சொற்களின்றி உயிரொலியில் பாடத் தொடங்கும்போது, ஒரு செல்லோ அதே மெட்டை ஒரு ஸ்தாயி கீழே கூடவே வாசிக்கிறது. மற்றவை பெரும்பாலும் தந்திகளை மீட்டுகின்றன. மீட்டிய ஒலி உடனே தேய்ந்துவிடுவதால், குரலின் நீண்ட சுரத்துக்கு இடம் கிடைக்கிறது. இன்றைய குழுக்கள் பாடகர்களோடு சேரும்போதும் இதே உத்தியைத்தான் பெரும்பாலும் காண்கிறேன்: குரல் பாடும்போது விரல், குரல் ஓயும்போது வில்.

மேடையொலி எழுதியது:

நாலுதந்தி சொன்னவை இசையமைப்பின் பக்கம். ஒலி அமைப்பின் பக்கத்தையும் சேர்க்கிறேன், ஏனெனில் ராக் குழுவோடு சேரும்போது பெரும்பாலான செல்லோ நிகழ்ச்சிகள் கெடுவது இங்கேதான்.

செல்லோ என்பது உள்ளீடற்ற பெரிய மரப்பெட்டி. பக்கத்தில் டிரம்ஸும் ஒலிபெருக்கிகளும் உரக்க ஒலித்தால், அந்தப் பெட்டியே அதிர்ந்து, ஒலியை மீண்டும் மைக்குக்குள் அனுப்பும். கீழ்ஸ்தாயியில் ஊளையிடும் ஃபீட்பேக் அப்படித்தான் பிறக்கிறது. எட்டுச் செல்லோக்கள் என்றால் இந்த வாய்ப்பும் எட்டு மடங்கு. எனவே குதிரையின் (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டின்) அதிர்வை நேரடியாகப் பிடிக்கும் பிக்கப்பையே முதன்மையாக நம்புகிறோம். பிக்கப்பில் வில்லின் உரசல் சற்றுக் கூர்மையாகத் தெரியும். மரத்தின் இயல்பான நிறம் குறைந்துவிடும். அமைதியான பாடல்களில் மட்டும் மைக்கை ஏற்றிக்கொள்ளலாம். பேஸ் வரிசையை வாசிக்கும் ஒருவரைத் தவிர மற்ற எல்லோருடைய கீழ் அதிர்வெண்களையும் மிக்ஸரில் குறைத்துவிடுவது என் வழக்கம். குரலின் தெளிவு அதில்தான் கிடைக்கிறது.

மறுகேள் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். நண்பர்கள் உடன்படாமலும் போகலாம்.

பின்லாந்தின் அப்போகாலிப்டிகா குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்சின்கியின் சிபேலியஸ் அகாடமியில் 1993-இல் கூடிய அவர்கள், 1996-இல் மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் பாடல்களை நான்கே செல்லோக்களில் வாசித்து ஓர் ஆல்பமாக வெளியிட்டார்கள். அது உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் அந்த வியப்பின் மேலேயே அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. 2000-இல் வெளிவந்த ஆல்பத்தில் பெரும்பகுதி அவர்களுடைய சொந்தப் படைப்புகளே; பின்னர் டிரம்ஸ் கலைஞரை நிலையாகச் சேர்த்துக்கொண்டு, 2007-ஆம் ஆண்டு ஆல்பத்தில் கோரி டெய்லர், டில் லிண்டமன் போன்ற பாடகர்களைப் பாட வைத்தார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2024-இல் மெட்டாலிகா பாடல்களுக்கே அவர்கள் திரும்பியபோது, மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் ராபர்ட் ட்ருஹியோவும் அதில் பங்கேற்றார்கள். மூலக் கலைஞர்களே வந்து சேர்ந்துகொள்ளும் இடம் வெறும் வேடிக்கையால் கிடைக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் இத்துறையில் கேட்கக் கிடைப்பவற்றில் கணிசமானவை என்னை ஈர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாடகர் பாடிய மெட்டை ஒரு செல்லோ அப்படியே வாசிக்க, மற்றவை நீண்ட கார்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தால், பாடலில் சொல் மட்டும்தான் குறைந்திருக்கிறதே தவிரப் புதிதாக ஒன்றும் சேரவில்லை. இணைய விழியங்களில் இத்தகையவை ஏராளம்.

போர்ட்லண்ட் குழுவைப் பொறுத்தவரை, 2012-இல் அவர்கள் செய்த ஒரு பணியை மிக உயர்வாக மதிக்கிறேன். அந்த ஆண்டு டிசம்பரில் பெக் என்ற பாடகர் இருபது புதிய பாடல்களை ஒலிப்பதிவாக வெளியிடாமல், அச்சிட்ட இசைக்குறிப்புகளாக மட்டும் வெளியிட்டார். அந்த இருபதையும் போர்ட்லண்ட் குழு பாடகர்களோடு சேர்ந்து பதிவு செய்தது. ஒப்பிட்டுப் பார்க்க மூலப் பதிவே இல்லாததால், 'அசலைப் போல் இருக்கிறதா' என்ற கேள்விக்கே அங்கு இடமில்லாமல் போயிற்று. தாளிலிருக்கும் குறிப்பைப் படித்து, அதற்கு என்ன நிறம் கொடுப்பது என்று தாங்களே முடிவெடுக்கும் செவ்வியல் பயிற்சி, வெகுசன இசைக்கு இவ்வளவு நேரடியாகப் பயன்பட்ட இன்னொரு தருணம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

சுருதிப்பெட்டி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குரல் பாடும்போது விரல், ஓயும்போது வில் என்ற குறிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் கேட்டேன். முன்பு கவனிக்காத பல இடங்கள் புலப்பட்டன. நாலுதந்தி அவர்களே, இன்னொரு சிறு ஐயம். பாடகர்கள் தங்கள் குரலுக்கேற்ற சுருதியில்தான் பாடுவார்கள். கிட்டார் கலைஞர் கேப்போவை (எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் பிடிப்பானை) நகர்த்திச் சமாளித்துவிடுவார். செல்லோக்கள் என்ன செய்யும்?

நாலுதந்தி எழுதியது:

எந்தச் சுருதியிலும் செல்லோவை வாசிக்க முடியும். ஆனால் எல்லாச் சுருதியிலும் அது ஒரே மாதிரி ஒலிக்காது. சி, ஜி, டி, ஏ என்ற நான்கு திறந்த தந்திகளும், வாசிக்காதபோதுகூட, தங்களுக்கு இசைந்த சுரம் பக்கத்தில் எழும்பினால் தாமாக அதிர்ந்து ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும். கிட்டார் கலைஞர்களுக்கு மிகப் பிடித்த ஈ மேஜரில் ஏ தந்தி ஒன்றுதான் அந்த ஸ்கேலுக்குள் அடங்கும். மற்ற மூன்று தந்திகளும் வெளியே நிற்கும். எட்டுக் கருவிகளிலும் இது சேரும்போது குழுவின் முழு ஒலியும் சற்று மூடினாற்போல் ஆகிவிடுகிறது. பாடகர் ஒரு முழுச் சுரம் இறங்கி டி மேஜருக்கு வரச் சம்மதித்தால் ஜி, டி, ஏ மூன்றும் விழித்துக்கொள்ளும்.

அதனால் ஒத்திகையில் முதலில் பேச வேண்டியது இதைத்தான். குரலுக்கு உண்மையிலேயே அந்த உயரம் தேவை என்றால் செல்லோக்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. பாடகருக்கு இரண்டும் ஒன்றே என்றால், அரைமணி நேரம் செலவிட்டு இரண்டு சுருதியிலும் வாசித்துப் பார்ப்பது நல்லது. உங்களிடமுள்ள பதிவுகளில் தாழ்ந்த தந்தி விரல் வைக்காமல் ஒலிக்கும் இடங்களை ஹெட்ஃபோனில் தேடிப் பாருங்கள். எந்தப் பாடலுக்கு அவர்கள் சுருதியை மாற்றியிருக்கக்கூடும் என்பதை அதிலிருந்தே ஓரளவு ஊகித்துவிடலாம்.